கயோந்தோவின் கழுத்தும் நப்போசாவின் பதிவேடும்

மசாக்கா,
3 பிப்ரவரி 1997

மருத்துவர் பதிவேட்டு அதிகாரி,
கம்பாலா.

பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

என் பெயர் கெரெவாசியோ கயோந்தோ. மசாக்காப் பக்கம் கல்யாணம் பேசி முடித்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் என்னைத் தெரியும் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, பரிசுக் கூடைகளைச் சுமந்துகொண்டு பெண் வீட்டு வாசலில் போய் நிற்பார்களே, அவர்கள் சார்பில் எழுந்து பேசுகிறவன் நான். பெண் வீட்டுப் பேச்சுக்காரர் எங்களை வழிதவறி வந்த கூட்டம் என்பார். வந்த வண்டியைக் கிண்டல் செய்வார். மாப்பிள்ளையின் காதுகளைக்கூட விட மாட்டார். நான் அசராமல் பதில் சொல்லி, அவர்களையே சிரிக்க வைத்து, சம்மதம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு கூட்டத்தையும் வெறுங்கையோடு திருப்பிக் கூட்டி வந்ததில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு. என் பிழைப்பு தொண்டையில் இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொண்டைக்கு முன்னால் ஒரு கழலை வளர்ந்திருக்கிறது. ஏழு வருஷம் முன்பு எலுமிச்சை அளவு. இப்போது மாம்பழம். சட்டைக் காலருக்குப் பொத்தான் போட முடியவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு சீழ்க்கை அடிக்கிறது.

எங்கள் ஊர் டாக்டர் செண்டாவுலா, "எடுத்துடலாம் அண்ணே, ஈஸ்டர் முடிஞ்ச வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கூடப்பிறக்காத தம்பி அவர். நான் சரி என்றேன். என் மனைவி நொயெரினாதான் சரி என்று சொல்ல மறுக்கிறாள்.

"ஒரு பசு வாங்கறதுன்னா வாயைத் திறந்து பல்லைப் பாக்கறீங்க, மடியைத் தடவறீங்க, மூணு பேர்கிட்ட விசாரிக்கறீங்க. கழுத்தை அறுக்கக் குடுக்கறதுக்கு யார்கிட்டயும் கேக்க மாட்டீங்களா, கிஸ்ஸா அப்பா?"

"அதான் போர்டுலயே எழுதியிருக்கேடி, ஸ்பெஷலிஸ்ட் சர்ஜன்னு."

"போர்டை எழுதினவன் பெயிண்டர்."

இப்படிப் பேசுகிறவளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று தாங்களே சொல்லுங்கள். கம்பாலாவில் பதிவேடு இருக்கிறது, எழுதிக் கேட்டால் சொல்வார்கள் என்று யாரோ ஒரு நர்ஸ் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். எனவே போர்டில் உள்ள ஐந்து பட்டங்களையும் புள்ளி தவறாமல் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவர் பெரிய ஸ்பெஷலிஸ்ட்தான் என்று இரண்டு வரி எழுதி முத்திரை போட்டு அனுப்பினால் போதும். வீட்டில் நான் சாப்பிடும் வாழைக்காய் மட்டோக்கே நிம்மதியாகத் தொண்டையில் இறங்கும்.

தங்கள் பணிவுள்ள,
கெ. கயோந்தோ


கம்பாலா,
17 பிப்ரவரி 1997

திரு. கயோந்தோ அவர்களுக்கு,

தங்கள் 3-2-97 நாளிட்ட கடிதம் 12-ஆம் தேதி கிடைத்தது.

டாக்டர் செண்டாவுலா அவர்களின் பெயர் பொதுப் பதிவேட்டில் 1985 முதல் உள்ளது. இவ்வாண்டுக்கான உரிமம் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அவர் மீது புகார் எதுவும் இல்லை. சிறப்பு மருத்துவர் பதிவேட்டில், அறுவை மருத்துவத்திலோ வேறு எந்தப் பிரிவிலோ, அவர் பெயர் இல்லை.

தாங்கள் இணைத்துள்ள ஐந்தில் முதலாவது மருத்துவப் பட்டம். எல்லா மருத்துவர்களுக்கும் உரியது. இரண்டாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்பதைக் குறிக்கும். சந்தா செலுத்துபவர்களுக்கு அட்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்திரிகையும் வரும். மூன்றாவது, காயங்களுக்குத் தையல் இடுவது பற்றிய ஐந்து நாள் வகுப்பில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். நான்காவது, முதலாவதே வேறு சுருக்கத்தில். ஐந்தாவது என்னவென்று இங்குள்ள எந்தப் புத்தகத்திலும் காணக் கிடைக்கவில்லை.

யாரிடம் சிகிச்சை பெற வேண்டும் என்று இவ்வலுவலகம் ஆலோசனை கூறுவதில்லை. தாங்கள் கேட்ட இரண்டு வரிகளை அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறோம்.

பெ. நப்போசா
பதிவேட்டு எழுத்தர்


மசாக்கா,
25 பிப்ரவரி 1997

பெ. நப்போசா என்பவருக்கு,

நீங்கள் ஆணா பெண்ணா என்று கையெழுத்திலிருந்து தெரியவில்லை. யாராக இருந்தாலும் சரி, கேளுங்கள்.

மெலிவு நோய் என்று நாங்கள் சொல்லும் எய்ட்ஸ் எங்கள் ஊரைத் தின்றுகொண்டிருந்த வருஷங்களில், வாரத்துக்கு நாலு சவ அடக்கம் என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், இங்கே இருந்த மற்ற டாக்டர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். செண்டாவுலா போகவில்லை. சைக்கிளில் வீடு வீடாக வந்தார். தொடவே பயந்தவர்கள் நடுவில் நோயாளியின் பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். என் மகன் கிஸ்ஸாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்தார். அவன் இப்போது கால்பந்து ஆடுகிறான். அப்படிப்பட்ட மனிதரைச் சந்தா கட்டியவர், தையல் வகுப்புக்குப் போனவர் என்று நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

உங்கள் புத்தகத்தில் சைக்கிளுக்கு ஒரு பத்தி உண்டா? பாயில் உட்கார்ந்ததற்கு?

உங்கள் கடிதத்தை நொயெரினா இரண்டு முறை படித்தாள். மடித்து பைபிளுக்குள் வைத்தாள். அவள் ஜெயித்தால் அப்படித்தான். நேற்று முதல் வீட்டில் எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கயோந்தோ


கம்பாலா,
6 மார்ச் 1997

திரு. கயோந்தோ அவர்களுக்கு,

இனி எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்பது இங்கே விதி. ஆனால் இதை அலுவலகத் தாளில் எழுதவில்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். இது என் சாப்பாட்டு நேரம், என் தாள். நான் பெண்.

டாக்டர் செண்டாவுலா கெட்ட மருத்துவர் என்று எழுதினேனா? பயந்துபோய் நகலை எடுத்து மறுபடி படித்தேன். எழுதவில்லை. சைக்கிளுக்கு எங்கள் புத்தகத்தில் பத்தி கிடையாது. இருந்திருந்தால் அவர் பெயரை நானே எழுதியிருப்பேன்.

நல்ல மருத்துவர் என்பது ஒரு கேள்வி. எதில் பயிற்சி பெற்ற மருத்துவர் என்பது இன்னொரு கேள்வி. நம் பேச்சில் இரண்டும் கலந்து கிடக்கிறது. மருத்துவர் என்பதற்கு நம்மிடம் முசாவோ என்று ஒரே சொல். ஊசி போடுகிற நர்ஸும் முசாவோ, வேர் இடித்துக் கொடுக்கிறவரும் முசாவோ, மண்டையைத் திறக்கிறவரும் முசாவோ. அந்த ஒரு சொல்லைப் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பதுதான் இங்கே என் வேலை. ஐந்து வருஷம் படித்து, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் மூத்தவர்கள் கண் முன்னால் வேலை செய்தவர் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும். காய்ச்சல், பிரசவம், அவசரத்துக்குக் குடல்வால் எல்லாம் அவர் பார்க்கலாம். ஊருக்கு அவர்தான் வேண்டும். அதற்கு மேல் அறுவையை மட்டும் மூன்று வருஷம் படித்து, செய்த ஒவ்வொரு ஆபரேஷனையும் நோட்டில் எழுதிப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கி, தேர்விலும் தேறினால் சிறப்புப் பதிவேடு. கழுத்துக் கழலைக்குப் பின்னால் குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று நூல் கனத்தில் ஓடுகிறதாம். அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கப் பழகுவது அந்த மூன்று வருஷத்தில்தான். நான் டாக்டர் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவர்கள் படிவங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது இது.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இதையும் எழுதுகிறேன். என் மேஜைக்கு வரும் கடிதங்கள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருபவை. கை போன பிறகு, மனைவி போன பிறகு, "அந்த டாக்டர் உண்மையிலேயே யார்?" என்று. கத்தி வைக்கும் முன் கேட்டு வந்த கடிதம் உங்களுடையதுதான். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். திட்டி வந்த கடிதமும் அதோடுதான் இருக்கிறது.

உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இந்தக் கழலையை உங்கள் கையால் எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள், குரல் எப்படி இருந்தது என்று. பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் பொய் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெ. நப்போசா


மசாக்கா,
31 மார்ச் 1997

நப்போசா அம்மையாருக்கு,

இந்த வாரம் என் கழுத்தில் கத்தி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

போன புதன்கிழமை மத்தியானம், நோயாளிகள் எல்லாரும் போன பிறகு செண்டாவுலாவின் கிளினிக்குக்குப் போனேன். முந்நூறு பேர் முன்னால் பேசும்போது வராத நடுக்கம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி கேள்வின்னா ஏன் கேக்கறீங்க?"

கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"யார் கேக்கச் சொன்னது?"

"நொயெரினா" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"என்மேல நம்பிக்கை போயிடுச்சா அண்ணே?"

"உன்மேல இருக்கு. என் கழுத்துமேலதான் இல்ல."

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். வெளியே தள்ளப்போகிறார் என்றே நினைத்தேன். தலைக்கு மேலே தொங்கிய போர்டைக் காட்டினார்.

"இந்த ஸ்பெஷலிஸ்ட் சர்ஜன் பட்டம் யார் குடுத்தது தெரியுமா?"

"பல்கலைக்கழகமா?"

"நீங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். 1991-இல் கலுங்குவில் அவருக்குப் பெண் பேசப் போனபோது, பெண் வீட்டுப் பேச்சுக்காரர், "ஊசி போடற பையனுக்கா எங்க பொண்ணு?" என்று எகத்தாளம் பேசினாராம். நான் துள்ளி எழுந்து, "ஊசியா? ஐயா, நீங்க பாக்கறது ஸ்பெஷலிஸ்ட் சர்ஜன்! மனுஷனைப் பிரிச்சு, தூசி தட்டி, திரும்பப் பூட்டி அனுப்பறவர்!" என்றேனாம். எனக்கு அந்த வார்த்தைகள் ஞாபகம் இல்லை. கைதட்டல் ஞாபகம் இருக்கிறது. கூட்டம் அதைச் சிரித்து மறந்துவிட்டது. மாமனார் மட்டும் அப்படியே நம்பிவிட்டார். கல்யாணப் பரிசாகப் போர்டு எழுதி லாரியில் ஏற்றி அனுப்பினார். மருமகன் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததை எல்லாம் பார்த்துப் பட்டங்களை எழுதச் சொன்னது அவர்தான். உங்கள் புத்தகத்தில் கிடைக்காத ஐந்தாவது பட்டம் இருக்கிறதே, ஓரத்தில் இடம் மிச்சம் இருந்ததால் பெயிண்டரே போட்டதாம்.

"கழட்டிடலாம்னுதான் பாத்தேன். மாமா மாசாமாசம் வருவார். போகப் போக எனக்கே அந்த போர்டு பழகிடுச்சு" என்றார். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கழுத்து ரெண்டு பண்ணியிருக்கேன். ரெண்டும் சின்னக் கழலை. இன்னும் ஏழுல வேற டாக்டருக்கு உதவியாக் கூட நின்னிருக்கேன். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மரம் அறுக்கறவர், இன்னொருத்தங்க மடத்துல சமையல் பண்றவங்க."

"குரல்?"

"மரம் அறுக்கறவருக்குக் கம்மிப்போச்சு. மிஷின் சத்தத்துல யாருக்கும் தெரியல, அவரும் குறை சொல்லல." மேஜை மேலிருந்த பேனாவைத் தள்ளி வைத்தார். "உங்களுக்கு நான்தான் பண்ணணும்னு ஆசைப்பட்டேன் அண்ணே. அன்னிக்கு நீங்க எனக்காகப் பேசினதுக்கு வேற என்ன திருப்பித் தர முடியும்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேநீர் குடித்தோம். கிளம்பும்போது ஒரு சீட்டில் கம்பாலா டாக்டர்கள் மூன்று பேர் பெயரை எழுதிக் கொடுத்தார். எல்லாம் கேள்விப்பட்ட பெயர்கள்தான், யார் எதில் என்று விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். சீட்டை இணைத்திருக்கிறேன்.

உங்கள் மேல் இருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டை ஒரு பை அனுப்பட்டுமா?

கெ. கயோந்தோ


கம்பாலா,
11 ஏப்ரல் 1997

கயோந்தோ ஐயாவுக்கு,

காப்பி வேண்டாம். இங்கே எதுவும் வாங்கக் கூடாது. பை வந்தால் திருப்பி அனுப்ப நான் மூன்று படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஐந்தாவது பட்டத்தின் கதையைப் படித்து அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நாள்கணக்கில் தேடியிருக்கிறேன் அதை.

சீட்டில் முதலாவதாக இருப்பவர் சிறப்பு மருத்துவர், சந்தேகமே இல்லை. ஆனால் எலும்புக்கு. உங்கள் கழுத்து முறிந்தால் அவரிடம் போகலாம். இரண்டாவது பெயர், அறுவையில் மிக மூத்தவர். இரண்டு வருஷமாக உரிமம் புதுப்பிக்கவில்லை. வெளிநாட்டில் கற்பிக்கப் போயிருப்பதாகக் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது, டாக்டர் அமோடிங். பொது அறுவையில் மேற்பட்டம், சிறப்புப் பதிவேட்டில் 1993 முதல், உரிமம் நடப்பில் உள்ளது. கழுத்து அறுவைக்கென்று இன்னும் ஒரு வருஷம் தனிப் பயிற்சி பெற்றதற்கான தாளும் இருக்கிறது. அவர் பெண், வயது முப்பத்தாறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாசலில் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக.

பதிவேடு சொல்வது இத்தோடு சரி. எங்கே படித்தார், தேறினாரா, இன்று உரிமம் இருக்கிறதா, புகார் உண்டா. அவர் கை எப்படி என்று இந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். குரல் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் எதில் பயிற்சி பெற்றவர் என்றும் கேளுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நொயெரினா அம்மாவையும் அழைத்துப் போங்கள்.

பெ. நப்போசா


மசாக்கா,
2 மே 1997

நப்போசா அம்மாவுக்கு,

போய் வந்தோம். நீங்கள் எச்சரித்தும் நான் வாசலிலேயே சறுக்கினேன். சின்ன உருவம், ஒட்ட வெட்டிய தலைமுடி, கையில் கோப்புகளோடு ஒரு பெண் வந்தார். "டாக்டர் வந்தாச்சாம்மா?" என்று கேட்டேன். "வந்தாச்சு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் நாற்காலியில் போய் அவரே உட்கார்ந்தார். நொயெரினா என் விலாவில் இடித்தது இன்னும் வலிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். எழுந்து நின்று, "டாக்டரம்மா, நாங்க மசாக்காவுல இருந்து வர்றோம். எங்ககிட்ட ஒரு கழுத்து இருக்கு. ஒரே கழுத்துதான். நல்ல இடமாப் பாத்துக் குடுக்கலாம்னு நாலு இடம் விசாரிக்கறோம்" என்றேன்.

அவர் கிழக்கே தேசோ பக்கத்துக்காரர், நம் சடங்கு அவருக்குப் பழக்கமில்லை என்று நினைத்தேன். சிரிக்காமலே, "விசாரிங்க ஐயா. எங்க வீட்டுக்கு நிறையக் கழுத்து வந்து போயிருக்கு. எதையும் பட்டினி போட்டதில்ல" என்றார்.

"எத்தனை?"

இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "நாலு வருஷத்துல அறுபத்து மூணு. ஆறு பேருக்குக் குரல் கம்மிச்சு. அஞ்சு பேருக்கு மூணு மாசத்துக்குள்ள திரும்பிடுச்சு. ஒருத்தருக்குத் திரும்பல."

"யார் அவர்?"

"பள்ளிக்கூட வாத்தியார். இப்ப நூலகத்துல இருக்கார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். எல்லாத்தையும் இந்த நோட்டுக்குள்ளதான் வச்சிருக்கேன்."

அப்புறம் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, "ஈ" சொல்லச் சொல்லிக் குரல் நாண்களைப் பார்த்தார். இப்போது இரண்டும் ஒழுங்காக அசைகின்றன, முடிந்த பிறகும் இதே மாதிரி பார்ப்பேன் என்றார். மயக்க மருந்துக்காரரைப் பற்றிக் கேட்டதும் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், "இவர்தான் உங்களைத் தூங்க வச்சு எழுப்பப் போறவர். இவரையும் விசாரிச்சுக்கங்க" என்று விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் நொயெரினா சொன்னாள்: "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லியிருந்தா நான் உங்களை இழுத்துட்டு வந்திருப்பேன்." மூன்று மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மே 20-ஆம் தேதி ஆபரேஷன். அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வீட்டில் சொல்ல முடியாது. அங்கே நான் சிரிக்க வைக்கிறவன். அறுபத்து மூன்றில் ஒருவர் என்று அவர் சொன்னபோது நொயெரினாவுக்கு அறுபத்திரண்டு பேர் தெரிந்தார்கள். எனக்கு அந்த வாத்தியார் மட்டும்தான் தெரிந்தார். நூலகத்தில் எனக்கு என்ன வேலை?

கயோந்தோ


கம்பாலா,
12 மே 1997

கயோந்தோ ஐயாவுக்கு,

பயத்துக்கு என்னிடம் படிவம் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது பரிந்துரை அல்ல.

1993-இல் டாக்டர் அமோடிங்கின் பெயரைச் சிறப்புப் பதிவேட்டில் எழுதியது நான்தான். அன்று முப்பது பெயர் எழுத வேண்டியிருந்தது. அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். வழக்கமாக டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவர் குனிந்து படித்தார். "ஓர் எழுத்து குறையுது அக்கா" என்றார். ஓரத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "வேணாம். வரி முழுசையும் அடிச்சுட்டுப் புதுசா எழுதுங்க. நான் நிக்கறேன்" என்றார். மழைக்காலம், அலுவலகம் மூடும் நேரம், கடைசி வேன் போய்விடும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் நின்றார். நான் எழுதினேன். மறுபடி படித்தார். பிறகுதான் போனார். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தபோது அவரை நன்றாகத் திட்டினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அடித்த வரியும் புது வரியும் அப்படியே இருக்கின்றன.

உங்கள் குரலை நான் கேட்டதில்லை. கடிதத்தில் வருவதே எனக்குப் போதுமான சத்தமாக இருக்கிறது. 20-ஆம் தேதி காலை நான் தேவாலயத்துக்குப் போய்விட்டு வேலைக்கு வருவேன். எப்போதும் போவதுதான், உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம்.

பெர்பெத்துவா நப்போசா


மசாக்கா,
29 மே 1997

அம்மா,

உயிரோடு இருக்கிறேன். பேசத் தடை, அதனால் எழுத்து.

கழலையை எடுத்துக் கிண்ணத்தில் காட்டினார்கள். மாம்பழம் இல்லை, இரண்டு மாம்பழம். மல்லாந்து படுத்து மூச்சு விடுகிறேன், சீழ்க்கை இல்லை.

மூன்றாம் நாள் டாக்டர் அமோடிங் என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். டயரிலிருந்து காற்று போவது போல் வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறது, ஒரு பக்கம் வீங்கிச் சோர்ந்திருக்கிறது, ஆறு வாரம் பொறுங்கள் என்றார். "பொறுத்தா வந்துடுமா?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "வரும்னு நினைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

செண்டாவுலா கிளினிக்கை இரண்டு நாள் பூட்டிவிட்டு வந்திருந்தார். டாக்டர் அமோடிங்கிடம் கேட்டு, அங்கி மாட்டி, கூட நின்று, காயத்தை விரித்து வைக்கும் கொக்கியைப் பிடித்திருக்கிறார். மறுநாள் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த நரம்பைப் பாத்தேன் அண்ணே. கழலைக்குள்ளயே புதைஞ்சு கிடந்துச்சு. அவங்க அதைத் தேடறதுக்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. நானா இருந்தா..." என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, எனக்குப் பேசத் தடை.

வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை என்று நொயெரினா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நான் தொண்டையைச் செருமினாலே ஓடி வருகிறாள்.

கயோந்தோ


கம்பாலா,
23 ஜூன் 1997

கயோந்தோ ஐயாவுக்கு,

ஆறு வாரம் இன்னும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்பதற்காக எழுதவில்லை. சும்மா எழுதுகிறேன்.

இங்கே மழை நின்றுவிட்டது.

பெ. ந.


மசாக்கா,
21 ஜூலை 1997

நப்போசா அம்மாவுக்கு,

எட்டு வாரம் ஆயிற்று. நான்கு வாரம் காற்று, அப்புறம் ஒரு வாரம் தவளை. போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் கோழிகள் முற்றத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறுவதைப் பார்த்து, "ஏய்!" என்று கத்தினேன். கோழிகள் ஓடின. சமையலறையில் ஏதோ உடைந்தது. நொயெரினா வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவை கத்துங்க" என்றாள். கத்தினேன். இடுப்புத் துணியின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், காது வலிக்குது" என்று உள்ளே போனாள்.

டாக்டர் அமோடிங் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். இரண்டு நாண்களும் அசைகின்றன. உச்சக் குரல் முன்போல் எழும்பவில்லை, அதனால் சடங்கில் பாடும் இடத்தைத் தங்கைமகன் வசம் விட்டுவிட்டேன். பேச்சு என்னுடையது. சனிக்கிழமை லுக்காயாவில் முதல் சடங்கு முடித்தேன். மாப்பிள்ளை மாட்டு வைத்தியருக்கு உதவியாள். பெண் வீட்டுப் பேச்சுக்காரர், "பையன் பெரிய டாக்டராமே?" என்று வலை போட்டார். என் நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் யாரோ கண்ணாடி போட்ட பெண் பேனாவோடு எதிரில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. "டாக்டர் இல்லீங்க. டாக்டர் ஊசி போடறப்ப மாட்டோட கொம்பைப் புடிக்கறவர். ரெண்டுல எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாடு வளர்க்கிறவர் அவர்.

செண்டாவுலா போர்டைக் கழற்றிவிட்டார். புதுசில் பெயர், முதல் பட்டம், அதன் கீழே "காய்ச்சல், பிரசவம், குழந்தைகள்" என்று மட்டும் இருக்கிறது. மாமனார் வந்து அண்ணாந்து பார்த்து, "என்ன மாப்பிள்ளை, எழுத்தெல்லாம் குறைஞ்சு போச்சு?" என்றாராம். "கூட்டம் குறையல மாமா, உள்ள வாங்க, உக்கார இடமில்ல" என்றாராம் இவர். மூன்று வருஷம் படித்து வரலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நாலு புள்ளைங்க, இந்த ஊர்ப் பிரசவம் எல்லாம் யார் பாக்கறது அண்ணே?" என்கிறார். கழுத்து வந்தால் டாக்டர் அமோடிங்குக்குச் சீட்டு எழுதுகிறார். இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

காப்பிக்குப் படிவம் மூன்றுதானே? இரண்டாகக் குறைக்க வழி உண்டா?

கெரெவாசியோ கயோந்தோ


கம்பாலா,
6 ஆகஸ்ட் 1997

கயோந்தோ ஐயாவுக்கு,

நேற்று பதினொன்றரை மணிக்கு நடந்ததை நீங்கள் மறுக்கக்கூடும் என்பதால் எழுத்தில் பதிவு செய்கிறேன்.

தொலைபேசி அடித்தது. வழக்கமாக எதிர் மேஜை கபூயேதான் எடுப்பார். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"வணக்கம் அம்மா. ஒரு பேர் உங்க புத்தகத்துல இருக்கான்னு பாக்கணும்."

கொஞ்சம் கரகரப்பான குரல். அடியில் சிரிப்பு ஓடுகிறது. மசாக்கா தபால் நிலையத்தின் இரைச்சலும் கூடவே கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"டாக்டர் பேரைச் சொல்லுங்க ஐயா."

"டாக்டர் இல்ல. எழுத்தர். பெர்பெத்துவா நப்போசா. அவங்க பொதுவா, ஸ்பெஷலிஸ்டா?"

"அந்தப் பேர் எந்தப் பதிவேட்டுலயும் இல்ல ஐயா. புத்தகத்தை எழுதறவங்க பேர் புத்தகத்துல ஏறாது."

"அப்ப என் புத்தகத்துல நான் ஏத்திக்கறேன்" என்றீர்கள்.

பிறகு நாணயம் தீர்ந்ததோ, பின்னால் நின்றவர்கள் விரட்டினார்களோ, இணைப்பு அறுந்துவிட்டது. நான் ரிசீவரை உடனே வைக்கவில்லை.

கபூயே தேநீரை என் மேஜையில் வைத்துவிட்டு, "யாருக்கா போன்ல? இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்றார்.

"பொதுமக்கள்" என்றேன்.

பெர்பெத்துவா நப்போசா